லென்ஸோட வளைவைக் கண்டுபிடிக்கணும்னா அதோட எதிரொளிப்பைப் பாருங்க

பேரும் தெரியாம நம்பரும் இல்லாம ஒரு லென்ஸ் கையில கெடைச்சா எல்லாரும் முதல்ல செய்யுறது ஒண்ணுதான், ஜன்னலுக்கு எதிர்ல புடிச்சு செவுத்துல படம் எங்க தெளிவா விழுதுன்னு பாத்து, ஸ்கேல் வச்சு அளந்து, குவிய தூரம் இவ்வளவுன்னு ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வச்சிடுவாங்க. அத்தோட அந்த லென்ஸைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு ஒரு நெனப்பு. எனக்கு இதுல ரொம்ப நாளாவே ஒரு ஆதங்கம் உண்டு. குவிய தூரம்ங்கறது ஒத்தை எண். அதுக்குள்ள முன்பக்க வளைவு, பின்பக்க வளைவு, கண்ணாடி வெளிச்சத்தை எவ்வளவு வளைக்குதுன்னு சொல்ற ஒளிவிலகல் எண், தடிமன்னு நாலு விஷயம் ஒண்ணாக் கலந்து கெடக்கு, கலந்ததுக்கு அப்புறம் பிரிக்கவே முடியாது. 166 மிமீ குவிய தூரம் வேணும்னா 1.517 ஒளிவிலகல் எண் உள்ள சாதாரண கிரௌன் கண்ணாடியில ரெண்டு பக்கமும் 172 மிமீ ஆரத்துல வளைக்கலாம், இல்ல ஒரு பக்கத்தை தட்டையா விட்டுட்டு இன்னொரு பக்கத்தை 86 மிமீ ஆரத்துல வளைக்கலாம், இல்ல 1.62 எண் உள்ள ஃபிளின்ட் கண்ணாடியில ரெண்டு பக்கமும் 206 வச்சும் செய்யலாம். மூணும் செவுத்துல ஒரே தூரத்துலதான் படம் போடும்.

சரி அதனால என்ன, படம் விழுந்தா போதாதான்னு கேக்கலாம். பூதக்கண்ணாடியா வச்சுக்க போதும். ஆனா அந்த லென்ஸை வச்சு ஏதாவது கட்டணும்னா போதாது. ஒரு பக்கம் தட்டையான லென்ஸ் ஒண்ணை எடுத்துக்குங்க, தூரத்துலேர்ந்து வர்ற இணையான வெளிச்சத்தைப் பாத்து வளைஞ்ச பக்கத்தை வச்சா வர்ற கோளப் பிறழ்ச்சியை (விளிம்புக் கதிரும் நடுக் கதிரும் ஒரே புள்ளியில சேராத குறை) விட தட்டைப் பக்கத்தை வச்சா வர்றது கிட்டத்தட்ட நாலு மடங்கு அதிகம், அதே லென்ஸ், அதே குவிய தூரம், திருப்பி வச்சதுக்கே அவ்வளவு வித்தியாசம். கம்ப்யூட்டர்ல கதிர் வரைஞ்சு பாக்குற சாஃப்ட்வேர்ல போடணும்னாலும் அது முதல்ல கேக்குறது ஆரம்தான். பழைய லென்ஸ்களைப் படிக்கிறவங்களுக்கும் இதேதான் தேவைப்படுது. ஃபிளாரன்ஸ்ல மியூசியோ கலிலியோவுல கலிலியோவோட தொலைநோக்கியில முன்னாடி இருந்த, ஒடைஞ்ச பொருளருகு லென்ஸ் இன்னும் பத்திரமா இருக்கு, அவரோட லென்ஸ்களை நவீன கருவிகள் வச்சு சோதிச்ச முடிவு 1992-ல வெளியாச்சு. அவர் எவ்வளவு நல்லா தேய்ச்சு எடுத்திருக்கார்னு தெரிஞ்சுக்க அந்த கண்ணாடியையே கேக்குறதைத் தவிர வேற வழி கெடையாது, அதை ஒடைச்சோ வெட்டியோ பாக்கவும் முடியாது.

அப்ப எப்படித்தான் பிரிக்கிறது. இங்கதான் என் கட்சி: லென்ஸோட எதிரொளிப்பைப் பாருங்க. பொதுவா லென்ஸ்ல எதிரொளிப்புன்னா அது ஒரு தொல்லை, அதை ஒழிக்கத்தான் 1935-ல ஸைஸ்ங்கற ஜெர்மன் லென்ஸ் கம்பெனியில ஸ்மகுலாங்கறவர் மேல பூசுற கோட்டிங்கைக் கண்டுபிடிச்சார், அதுக்கப்புறம் வந்த அத்தனை கேமரா லென்ஸும் அதைக் கொறைக்கத்தான் பாடுபடுது. ஆனா வளைவு தெரியணும்னா அந்தத் தொல்லைதான் நமக்கு வாய்ப்பு. ஏன்னா உள்ள போய் வெளிய வர்ற வெளிச்சத்துல கண்ணாடியோட குணமும் ரெண்டு பக்கமும் எல்லாம் கலந்துடும், மேல பட்டு திரும்புற வெளிச்சத்துக்கோ கண்ணாடி என்ன வகைன்னு கவலையே இல்ல, அதுக்கு அந்த ஒரு பரப்போட வடிவம் மட்டும்தான் தெரியும். கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது. இருட்டு ரூம்ல அது தாராளமா போதும்.

ஒண்ணுமே அளக்காம சும்மா பாக்குறதுலயே எவ்வளவு தெரியுதுன்னு பாருங்க. தலைக்கு மேல ஒரு விளக்கு இருக்கட்டும், லென்ஸை கீழ புடிச்சு அதுல விளக்கோட பிம்பத்தைத் தேடுங்க. ரெண்டு பக்கமும் குவிஞ்ச லென்ஸ்னா ரெண்டு பிம்பம் தெரியும், ஒண்ணு நேரா இருக்கும், இன்னொண்ணு தலைகீழா இருக்கும். நேரா இருக்குறது முன்பரப்போடது. தலைகீழா இருக்குறது பின்பரப்போடது, வெளியிலேர்ந்து பாத்தா அது குவிஞ்சிருந்தாலும் கண்ணாடிக்கு உள்ளேர்ந்து பாக்குற வெளிச்சத்துக்கு அது குழி ஆடிதான். லென்ஸை லேசா சாய்ச்சா ரெண்டும் எதிர் எதிர் திசையில ஓடும். ஒரு பரப்பு தட்டையா இருந்து அதை மேல வச்சுப் புடிச்சா அதுல வர்ற பிம்பம் சாதாரண முகக்கண்ணாடியில தெரியுற மாதிரி விளக்கோட சொந்த அளவுலயே இருக்கும், அதைப் பாத்த உடனே ஒரு ஆரத்தைக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம். மூணாவதா மங்கலா ஒரு பிம்பம் இருந்தா அது ரெண்டு கண்ணாடி ஒட்டின லென்ஸ், அதுக்கு அப்புறம் வர்றேன். கோட்டிங் போட்ட லென்ஸ்ல பிம்பம் ஊதாவாவோ பச்சையாவோ தெரியும், மங்கலாவும் இருக்கும், ஆனா அளக்க முடியாத அளவுக்கு எந்த கோட்டிங்கும் ஒழிச்சுடறதில்ல.

இப்ப அளக்குறதுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் புடிச்ச முறை சார்லஸ் வெர்னான் பாய்ஸ் பேர்ல பழைய ஆய்வகப் புத்தகங்கள்ல இருக்குறது, நுண்ணிய குவார்ட்ஸ் இழை வச்சு ஈர்ப்பு மாறிலியை அளந்தாரே அதே பாய்ஸ். புத்தகத்துல லென்ஸை பாதரசத்து மேல மிதக்க விட்டு எதிரொளிப்பை பளிச்சுன்னு ஆக்கச் சொல்லுவாங்க, தயவுசெய்து அதைச் செய்யாதீங்க, பாதரச ஆவி விஷம், நல்ல எல்ஈடி டார்ச் இருக்குற காலத்துல அதுக்குத் தேவையும் இல்ல. லேசரும் வேண்டாம், திரும்பி வர்ற கதிர் எங்க போகும்னு தெரியாத வேலை இது, கண்ணுல பட்டுடும்.

ஒரு வெள்ளை அட்டையில சின்னதா ஒரு ஓட்டை போடுங்க, பின்னாடி எல்ஈடி, முன்னாடி லென்ஸ், லென்ஸுக்குப் பின்னாடி கறுப்புத் துணி. ஓட்டையிலேர்ந்து வெளிச்சம் கிளம்பி லென்ஸோட முன்பரப்புல நுழைஞ்சு பின்பரப்புல பட்டு கொஞ்சம் திரும்பி வரும். லென்ஸை ஒரு முடி அளவு சாய்ச்சு வச்சா திரும்பி வர்றது ஓட்டைக்குப் பக்கத்துலயே அட்டையில ஒரு வட்டமா விழும். லென்ஸை முன்ன பின்ன நகத்துங்க, ஒரு எடத்துல அந்த வட்டம் சுருங்கி ஓட்டை அளவுக்கே கூர்மையான புள்ளியா ஆகும். அந்த எடத்துல என்ன நடக்குதுன்னா ஒவ்வொரு கதிரும் பின்பரப்பை செங்குத்தா முட்டி வந்த வழியே திரும்புது. செங்குத்தா முட்டுதுன்னா அந்த பரப்போட வளைவு மையத்துலேர்ந்து கிளம்பின மாதிரி அது போகுதுன்னு அர்த்தம். செங்குத்தா போற கதிர் பின்பரப்புல வளையாம வெளியவும் போகும், அப்ப முழு லென்ஸும் சேந்து ஓட்டையோட மாய பிம்பத்தை சரியா அந்த வளைவு மையத்துல போட்டிருக்கு. அவ்வளவுதான், பள்ளிக்கூடத்து லென்ஸ் சூத்திரத்தைப் போட்டா ஆரம் வந்துடும். லென்ஸுலேர்ந்து அட்டைக்கு இருக்குற தூரத்தை புள்ளி தூரம்னு வச்சுக்கிட்டா:

பின்பரப்பு ஆரம் = (குவிய தூரம் × புள்ளி தூரம்) ÷ (குவிய தூரம் − புள்ளி தூரம்)

குவிய தூரமும் இதே அட்டையிலேயே கெடைக்கும், கறுப்புத் துணியை எடுத்துட்டு லென்ஸுக்குப் பின்னாடி தட்டையான முகக்கண்ணாடி ஒண்ணை வையுங்க, இப்ப வர்ற பெரிய வெளிச்சப் புள்ளி கூர்மையாகுற தூரம்தான் குவிய தூரம். ஜன்னல் படத்தை விட இது ரொம்ப நம்பிக்கையானது, ஜன்னலுக்கு வெளிய இருக்குற மரம் முடிவிலி தூரத்துல இல்லையே.

ஒரு லென்ஸ்ல குவிய தூரம் 166 வந்துச்சு, ஒரு பக்கமா வச்சப்ப புள்ளி தூரம் 107, திருப்பி வச்சப்ப 69.5 வந்துச்சுன்னு வச்சுக்குவோம். முதல் கணக்குல பின்பரப்பு ஆரம் 166 × 107 ÷ 59, அதாவது 301 மிமீ. திருப்பினதுல 166 × 69.5 ÷ 96.5, சுமார் 119.6 மிமீ. ரெண்டு பரப்பும் வந்தாச்சு, இதுவரைக்கும் கண்ணாடி என்ன வகைன்னு நாம கேக்கவே இல்லங்கறதை கவனிங்க. இப்ப லென்ஸ் செய்யுறவங்களோட சூத்திரத்தைத் தலைகீழா திருப்பினா ஒளிவிலகல் எண்ணும் வந்துடும்: 1-ஐ 301-ஆல வகுத்ததையும் 119.6-ஆல வகுத்ததையும் கூட்டி 166-ஆல பெருக்கினா 1.939, 1-ஐ அதால வகுத்தா 0.516, அப்ப ஒளிவிலகல் எண் 1.516. கண்ணாடியைத் தொடாம, தேய்க்காம, எந்தத் திரவத்துலயும் முக்காம, ஓட்டை போட்ட ஒரு அட்டையும் முகக்கண்ணாடியும் வச்சு அது கிரௌன் கண்ணாடின்னு சொல்ல முடியுது. இந்த எண் வந்து விழுற நேரத்துல எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தோஷம் வரும், அது பழகவே இல்ல.

இதே புள்ளி தூரம் இன்னும் சிலது சொல்லும். அது குவிய தூரத்துக்கு சமமா வந்தா பின்பரப்பு தட்டை. குவிய தூரத்தை விட அதிகமா வந்தா பின்பரப்பு எதிர்ப் பக்கம் வளைஞ்சிருக்கு, அதாவது பிறை வடிவ லென்ஸ், சில பிறை லென்ஸ்ல புள்ளி எங்கயுமே கூடாது, அப்ப திருப்பி குழிஞ்ச பக்கத்தை அட்டையைப் பாத்து வச்சா முன்பரப்பே குழி ஆடியா வேலை செஞ்சு சரியா அதோட ஆரத்துக்கு சமமான தூரத்துல புள்ளியைப் போடும், சூத்திரமே வேண்டாம். ரெண்டு பக்கமும் குழிஞ்ச லென்ஸ்தான் இருக்கறதுலயே சுலபம், ரெண்டு ஆரமும் நேரடியா ஸ்கேல்ல வந்துடும்.

ஆனா மேல போட்ட கணக்கு மெல்லிய லென்ஸுக்கு. நெஜ லென்ஸுக்கு தடிமன் உண்டு, தூரத்தை எங்கேர்ந்து அளக்குறதுங்கற கேள்வி அங்கதான் வருது, நிறைய பேர் இதை சின்ன விஷயம்னு விட்டுடறாங்க, இது சின்ன விஷயமே இல்ல. ஆரம் 120-ம் 300-ம், ஒளிவிலகல் எண் 1.517, நடுத் தடிமன் 6 மிமீன்னு ஒரு லென்ஸை எடுத்து சரியா கணக்குப் போட்டா கண்ணாடியோட முன் உச்சியிலேர்ந்து புள்ளி தூரம் 105.6-ம் 66.5-ம் வருது. மெல்லிய லென்ஸ் கணக்கு சொல்றது 106.8-ம் 69.6-ம். ஒரு பக்கத்துல 1 மிமீக்கு மேல, இன்னொரு பக்கத்துல 3 மிமீ வித்தியாசம். இதோட விளைவு என்னன்னு பாருங்க, மேல சொன்ன உதாரணத்துல குவிய தூரத்தை 166-க்கு பதிலா 167-ன்னு எடுத்தாலே ஒளிவிலகல் எண் 1.516-லேர்ந்து 1.509-க்கு எறங்கிடும். 69.5-ஐ 70.5-ன்னு எடுத்தா 1.525-க்கு ஏறிடும். அதனால மெல்லிய கணக்கு வச்சு கிரௌனா ஃபிளின்ட்டான்னு தைரியமா சொல்லலாம், எந்த கிரௌன்னு சொல்லக்கூடாது.

சரியான கணக்கும் ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல. எல்லா தூரத்தையும் கண்ணாடியோட உச்சியிலேர்ந்தே அளங்க, அது தொட்டுப் பாக்கக்கூடிய எடம், கற்பனைத் தளம் இல்ல. அப்புறம் முன்பரப்புல ஒரே ஒரு விலகல் மட்டும் போடுங்க: 1 ÷ புள்ளி தூரம் = (ஒளிவிலகல் எண் − 1) ÷ முன்பரப்பு ஆரம் + ஒளிவிலகல் எண் ÷ (பின்பரப்பு ஆரம் − தடிமன்). லென்ஸைத் திருப்பி வச்சா அதே சமன்பாடு ஆரங்கள் எடம் மாறி இன்னொண்ணு. குவிய தூரத்துலேர்ந்து மூணாவது. மூணு தெரியாத எண், மூணு சமன்பாடு, தடிமனை வெர்னியர்ல அளந்தாச்சு. மெல்லிய கணக்குல வந்த எண்களை ஆரம்ப ஊகமா வச்சு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல மூணு அளவும் பொருந்துற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளினா போதும், சீக்கிரமே நின்னுடும்.

கோளமானி வச்சிருக்கவங்களுக்கு இது எல்லாம் எதுக்குன்னு தோணலாம், மூணு கால், நடுவுல ஒரு திருகு, தட்டைக் கண்ணாடியில வச்சு பூஜ்யம் பாத்துட்டு லென்ஸ் மேல வச்சா எவ்வளவு உயரம்னு சொல்லிடும், கால் நிக்குற வட்டத்தோட ஆரத்தை வர்க்கம் பண்ணி உயரத்தோட ரெண்டு மடங்கால வகுத்து, உயரத்துல பாதியைக் கூட்டினா வளைவு ஆரம். நல்ல கருவிதான், நானும் வச்சிருக்கேன். ஆனா அதோட பலவீனம் வளைவு கொறைய கொறைய கூடும். கால் வட்டம் 20 மிமீ ஆரம்னா 120 மிமீ ஆரமுள்ள பரப்புக்கு உயரம் 1.68 மிமீ, 300-க்கு 0.67 மிமீதான். திருகு 0.01 மிமீ வரைக்கும் படிக்கும்னா முதல்ல 0.6 சதவீதம், ரெண்டாவதுல 1.5 சதவீதம் பிசகு, அதாவது 300 வந்து 295-ஆவும் இருக்கலாம் 305-ஆவும் இருக்கலாம். கால் வட்டத்தோட ஆரம் வர்க்கமா வர்றதால அதுல 1 சதவீதம் தப்பு இருந்தா விடையில 2 சதவீதம். காலுக்கு பதிலா சின்ன உருண்டை வச்ச கோளமானி லென்ஸைக் கீறாது, அது நல்லது, ஆனா குவிஞ்ச பரப்புக்கு வர்ற விடையிலேர்ந்து உருண்டையோட ஆரத்தைக் கழிக்கணும், குழிஞ்ச பரப்புக்கு கூட்டணும். கோட்டிங் போட்ட பழைய லென்ஸ் மேல எஃகு முனை வைக்க எனக்கு மனசு வராது, அதுக்கும் எதிரொளிப்புதான் பதில்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரங்க வச்சிருக்குற லென்ஸ் கடிகாரமும் இதே கருவிதான், முள் மட்டும் நேரா டயாப்டர்ல காட்டும், அதாவது 1-ஐ மீட்டர்ல உள்ள குவிய தூரத்தால வகுத்தா வர்ற திறன். அது பெரும்பாலும் 1.53 ஒளிவிலகல் எண்ணுக்குன்னு கோடு போட்டது, அதனால 530-ஐ அது காட்டுற எண்ணால வகுத்தா ஆரம் மிமீல வந்துடும். நம்ம உதாரண லென்ஸ்ல அது ஒரு பக்கம் சுமார் 4.4, இன்னொரு பக்கம் 1.8 காட்டும், கூட்டினா 6.2. நெஜத்துல லென்ஸோட திறன் 6.0. இந்த சின்ன வித்தியாசத்தைப் பாத்து கடிகாரம் தப்புன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, ஆனா அந்த வித்தியாசத்துலதான் கண்ணாடியோட ஒளிவிலகல் எண் ஒளிஞ்சிருக்கு, 0.53-ஐ 6.0-ஆல பெருக்கி 6.2-ஆல வகுத்துப் பாருங்க, 0.51 வருது, அதாவது எண் 1.51. கடிகாரம் கால் டயாப்டர் கோட்டுலதான் படிக்கும்ங்கறதால இதுல ரெண்டாவது தசமம் சந்தேகம்தான், ஆனாலும் 1.6 கண்ணாடியையும் 1.5 கண்ணாடியையும் பிரிச்சுடும்.

தண்ணி வச்சு அளக்குற பழைய முறையும் ஒண்ணு உண்டு, முகக்கண்ணாடி மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு லென்ஸை அது மேல வச்சா நடுவுல தண்ணியிலேயே ஒரு குழிலென்ஸ் உருவாகும், குவிய தூரம் எவ்வளவு நீளுதுன்னு பாத்து அடிப்பக்கத்து ஆரத்தைக் கண்டுபிடிக்கலாம், தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.333-ன்னு தெரியுமே. 120 ஆரமுள்ள பக்கம் கீழ இருந்தா 166 வந்து 308-ஆ நீண்டுடும். ரொம்ப லேசான வளைவுக்கு நியூட்டன் வளையம், அதாவது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்குற மெல்லிய காத்து இடைவெளியால தெரியுற கருப்பு வெளிச்ச வட்டங்கள். 1 மீட்டர் ஆரமுள்ள பரப்பை தட்டைக் கண்ணாடி மேல வச்சு சோடியம் விளக்குல பாத்தா பத்தாவது கரு வளையத்தோட விட்டம் 4.9 மிமீ கிட்ட வரும், கோளமானி தடுமாறுற எடத்துல இது வளையத்தை எண்ணியே சொல்லிடும்.

எந்த முறையில எடுத்தாலும் கடைசியா ஒரு சரிபார்ப்பு பண்ணுங்க, இதைப் பண்ணாத ஆரத்தை நான் நம்பவே மாட்டேன். லென்ஸோட நடுத் தடிமன்லேர்ந்து விளிம்புத் தடிமனைக் கழிங்க. ரெண்டு பரப்பும் விளிம்புக்குள்ள எவ்வளவு எறங்குதோ அதோட கூட்டுத்தொகைதான் அது. 50 மிமீ விட்டம்னா 120 ஆரம் 2.63 மிமீ எறங்கும், 300 ஆரம் 1.04 மிமீ எறங்கும், மொத்தம் 3.67. நடுவுல 6 மிமீ இருந்தா விளிம்புல 2.3 இருக்கணும். இது வெளிச்சமே சம்பந்தப்படாத அளவு, ஒளிவிலகல் எண்ணும் தேவையில்ல, அதனால எதிரொளிப்புல பண்ணின பிசகு எதுவும் இதுல வந்து ஒட்டிக்காது. ரெண்டும் ஒத்துப்போகலன்னா எங்கயோ கோளாறு இருக்கு, பெரும்பாலும் விளிம்புல மழுக்கி விட்ட சரிவைச் சேத்து அளந்திருப்போம்.

தொடவே முடியாத லென்ஸ் ஒண்ணு இருக்கு, நம்ம கண்ணு. அதோட முன்பரப்பான கார்னியாவை அளக்க 19-ம் நூற்றாண்டு நடுவுலயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எதிரொளிப்பைத்தான் புடிச்சார், தெரிஞ்ச இடைவெளியில ரெண்டு விளக்கை வச்சு கார்னியாவுல அதோட பிம்பம் எவ்வளவு சின்னதா தெரியுதுன்னு அளந்தா ஆரம் வந்துடும். இன்னைக்கும் கண் மருத்துவர்கிட்ட இருக்குற கெரட்டோமீட்டர் அதே வேலையைத்தான் செய்யுது, சராசரி கார்னியாவோட ஆரம் சுமார் 7.8 மிமீ, டயாப்டர்ல 43 கிட்ட. குவிஞ்ச முன்பரப்பு எதுவா இருந்தாலும் இதே மாதிரி செய்யலாம், ரெண்டு எல்ஈடியும் ஃபோன் கேமராவும் போதும், பிம்பங்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளியை விளக்குகளோட இடைவெளியால வகுத்து, விளக்குலேர்ந்து லென்ஸுக்கு உள்ள தூரத்தோட ரெண்டு மடங்கால பெருக்கினா கிட்டத்தட்ட ஆரம், தூரம் ஆரத்தை விட நல்லா அதிகமா இருக்கணும். அளவுகோலை பிம்பம் இருக்குற ஆழத்துல ஃபோகஸ் பண்ணி அளவீடு செய்யணும், கண்ணாடியோட மேற்பரப்புல இல்ல, ஏன்னா பிம்பம் பரப்புக்குப் பின்னாடி ஆரத்துல பாதி தூரத்துல உக்காந்திருக்கு.

ஒட்டு லென்ஸுக்கு வர்றேன்னு சொன்னேன்ல. செஸ்டர் மூர் ஹால் 1730 வாக்குல யோசிச்சு ஜான் டாலண்ட் 1758-ல காப்புரிமை வாங்கின அதே கிரௌன் ஃபிளின்ட் ஜோடிதான், இப்ப ரெண்டையும் பசை வச்சு ஒட்டிடறாங்க. வெளிப்பரப்பு ரெண்டும் பழைய மாதிரியே வந்துடும். உள்ள ஒட்டின பரப்புதான் சங்கடம், 1.517-க்கும் 1.62-க்கும் நடுவுல வெறும் 0.1 சதவீதம்தான் திரும்புது, வெளிப்பரப்போட எதிரொளிப்புல நாப்பதுல ஒரு பங்கு. ஆனாலும் ரூம் நல்லா இருட்டா இருந்து ஓட்டை நல்லா பளிச்சுன்னு இருந்தா அந்தப் புள்ளியையும் அட்டையில புடிக்கலாம், பொறுமையா பின்பரப்போட பெரிய வட்டத்துக்குள்ள தேடணும். இங்க தெரியாத எண்கள் அஞ்சு, மூணு ஆரம், ரெண்டு ஒளிவிலகல் எண், அளவு அவ்வளவு இருக்காது.

அதுக்கு உதவுறது ஒரு நல்ல உண்மை: கண்ணாடி வகைங்கறது எந்த எண்ணா வேணும்னாலும் இருக்கலாம்ங்கற விஷயம் இல்ல. எர்ன்ஸ்ட் அபேவும் ஓட்டோ ஷாட்டும் 1884-ல ஜெர்மனியில யேனாவுல கண்ணாடி ஆலை ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து ஒளியியல் கண்ணாடி பட்டியல் போட்டுத்தான் வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒளிவிலகல் எண், நிறப்பிரிகை, அடர்த்தி எல்லாம் அச்சுல இருக்கு. பிகே7ங்கற கிரௌனுக்கு 1.5168, நிறப்பிரிகையைச் சொல்ற அபே எண் 64, அடர்த்தி 2.51. எஃப்2ங்கற ஃபிளின்ட்டுக்கு 1.62, 36, 3.6. அதனால நாம துல்லியமா எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல, பட்டியல்ல எதுன்னு தேர்ந்தெடுத்தா போதும், தேர்ந்தெடுத்த உடனே நாலு தசமமும் இலவசமா வந்துடும். தனி லென்ஸ்னா அதை காத்துலயும் தண்ணியிலயும் எடை போட்டு அடர்த்தி பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது, மூக்குக்கண்ணாடி பிளாஸ்டிக் சிஆர்-39-ன்னா 1.3-தான் வரும். சிவப்பு எல்ஈடிக்கும் நீல எல்ஈடிக்கும் குவிய தூரம் எவ்வளவு மாறுதுன்னு பாத்தா இன்னொரு சாட்சி, 200 மிமீ லென்ஸ்ல பாடப்புத்தகத்துல வர்ற நீலக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவுல பிகே7 சுமார் 3 மிமீ நகரும், எஃப்2 5.5 மிமீ நகரும். ஆரத்துலயும் இதே மாதிரி ஒரு விஷயம் இருக்கு, லென்ஸ் ஆலைங்க கையில இருக்குற சோதனைத் தட்டோட (பரப்பை வச்சு ஒப்பிட்டுப் பாக்குற மாதிரிக் கண்ணாடி) ஆரத்துக்குப் பொருந்துற மாதிரிதான் டிசைனைத் திருத்துவாங்க, அதனால 119.6-ன்னு வந்தா 120-ஆன்னு ஒரு தடவை வச்சுப் பாக்குறது நியாயமான ஊகம், ஆனா ஊகம்தான், விளிம்புத் தடிமன் ஒத்துக்கிட்டா மட்டும் வச்சுக்கணும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் பரப்பு ஒரு கோளத்தோட துண்டுங்கற நம்பிக்கையில சொன்னது. கோளம் இல்லாத லென்ஸ் இன்னைக்கு எல்லா ஃபோன் கேமராவுலயும் இருக்கு, அதுக்கு ஒரே ஆரம்னு ஒண்ணு கெடையாது. அதைக் கண்டுபிடிக்கிறதும் எதிரொளிப்புலதான்: லென்ஸ் முன்னாடி கறுப்புக் காகிதத்துல வட்ட ஓட்டை போட்டு நடுப்பகுதியை மட்டும் தெறந்து புள்ளி தூரம் பாருங்க, அப்புறம் நடுவை மூடி விளிம்பை மட்டும் தெறந்து பாருங்க. கோளப் பரப்புலயும் கொஞ்சம் மாறும், முன்பரப்போட பிறழ்ச்சி அதுல இருக்கு, ஆனா கதிர் வரைஞ்சு பாத்தா எவ்வளவு மாறணும்னு தெரிஞ்சுடும், அதை விட மாறினா பரப்பு கோளம் இல்ல. லென்ஸை முன்ன பின்ன நகத்தும்போது புள்ளி கோடா நீண்டு, லென்ஸை சுழற்றினா அந்தக் கோடும் கூடவே சுழன்றா சிலிண்டர் வளைவு இருக்கு, ரெண்டு திசைக்கு ரெண்டு ஆரம்.

இந்த வேலையை இருக்கறதுலயே பெரிய அளவுல செஞ்சது ஹப்பிள் தொலைநோக்கிக்குத்தான். 1990-ல மேல போனதுக்கு அப்புறம் அதோட 2.4 மீட்டர் ஆடி விளிம்புல சுமார் 2.2 மைக்ரான் தட்டையா இருக்குன்னு தெரிஞ்சுது, அந்த ஆடி விண்வெளியில சுத்திக்கிட்டிருக்கு, போய் அளக்க முடியாது. கீழ ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு அது அனுப்பின நட்சத்திரப் படங்கள், இன்னொண்ணு ஆடியைத் தேய்க்கும்போது சரிபாத்த அந்த சோதனைக் கருவி, அது அப்படியே பிரிக்காம இருந்துச்சு, அதுல ஒரு லென்ஸ் 1.3 மிமீ தள்ளி இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அந்த 1.3 மிமீலேர்ந்து ஆடி என்ன வடிவத்துல இருக்கணும்னு கணக்குப் போட்டதும், நட்சத்திரப் படத்துலேர்ந்து தனியா கணக்குப் போட்டதும் ஒரே எடத்துக்கு வந்துச்சு, வடிவத்தைச் சொல்ற கூம்பு மாறிலி −1.0023 இருக்க வேண்டிய எடத்துல −1.0139. 1993 டிசம்பர்ல மாட்டின திருத்தக் கருவிகளை இந்த எண்ணை வச்சுத்தான் செஞ்சாங்க.